குதிரைக்கு ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை

ஐயர் மூச்சு விடாமல் வாசித்துக்கொண்டே போனார்.

“பேரப்பிள்ளை பிறந்ததற்காக ஒரு குடும்பத்தார் ஸ்தோத்திரக் காணிக்கை. மகன் போலீஸ் வேலைக்குத் தேர்வானதற்காக ஒரு தாயார். கிணற்றில் தண்ணீர் ஊறியதற்காக மகாராஜபுரம் சகோதரர் ஒருவர். மகள் ஹெலன் பழக்கிய குதிரை சென்னைப் பந்தயத்தில் முதலாவதாக வந்ததற்காகத் திருமதி கமலம் ஞானராஜ். முழங்கால் வலி குறைந்ததற்காக…”

முழங்கால் வலியில்தான் அவருக்கு உறைத்தது. நிறுத்தினார். கையிலிருந்த கவர்களில் முந்தையதை எடுத்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி பார்த்தார். நல்லவேளை, மறுபடி வாசிக்கவில்லை.

எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். வீட்டில் ஒரு நல்ல காரியம் நடந்தால் ஒரு கவரில் காணிக்கையைப் போட்டு, மேலே காரணத்தை எழுதிக் கோயிலில் கொடுத்துவிடுவோம். ஞாயிறு ஆராதனையில் ஐயர் அதை அப்படியே வாசிப்பார். யாருக்கு வேலை கிடைத்தது, யாருக்குக் கிட்னியில் கல் கரைந்தது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் முழுக்கத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது.

ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். மின்விசிறிகள் கடகடவென்று ஓடின. அம்மா என் பக்கத்தில், கஞ்சி போட்ட சேலையில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். காரணம் சரியாக வாசிக்கப்பட்ட திருப்தி முகத்தில் தெரிந்தது.

நான் பாடகர் குழுவைப் பார்த்தேன். அப்பா இரண்டாவது வரிசையில் இருந்தார். எங்கள் கோயிலில் அடிக்குரல் அவருடையதுதான். அடுத்தது பாடகர் குழுவின் பாட்டு. எல்லோரோடும் எழுந்து நின்றார், புத்தகத்தைப் பிரித்தார். மூன்றாவது அடியில் மற்ற குரல்கள் அடங்கி, அவர் குரல் மட்டும் தனியாக இறங்கி வர வேண்டும். வரவில்லை. கீபோர்டு மட்டும் அந்த அடியைத் தனியாக வாசித்துக் கடந்து போனது.

அதன் பிறகு அப்பா கோயிலில் பாடவே இல்லை.

வாசகி கேட்ட கேள்வி

நான் எழுதும் இந்தத் தொடரைப் படித்துவிட்டுக் கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகி போன் செய்தார். “ஒரு பொம்பள பந்தயக் குதிரைக்கு டிரெயினர் ஆனதே பெரிய விஷயம். ஜெயிக்க ஆரம்பிச்ச நேரத்துல ஏம்மா விட்டுட்டு வந்தீங்க?” என்று கேட்டார். ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன். முழங்கால், வயது, சென்னை வாடகை என்று என்னிடம் எப்போதும் நாலைந்து காரணங்கள் தயாராக இருக்கும்.

ஒன்றுகூட உண்மையில்லை. அப்பா இப்போது இல்லை, இனி சொல்லலாம். சொல்வதற்கு முன்னால், மில் ஃபோர்மேன் மகளுக்குக் குதிரைப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

லாயத்து வாசனை

குற்றவாளி என் சித்தப்பா. அவர் சென்னையில் குதிரைப்படைப் போலீஸ். கோடை விடுமுறைக்கு எங்களை அழைத்துப் போவார். மற்ற பிள்ளைகள் கடற்கரைக்குப் போக, நான் மட்டும் அவரோடு லாயத்துக்குப் போவேன். ஈர வைக்கோலும் தோலும் வியர்வையும் சேர்ந்த அந்த வாசனை முதல் நாள் குமட்டியது. ஊருக்குத் திரும்பிய பிறகு அதைத்தான் தேடினேன்.

சித்தப்பா ஒரு கிழட்டுக் குதிரையின் மூக்கருகே என் கையை நீட்டச் சொன்னார். “பயப்படாத. அது ஒன்னய மோந்து பாத்து, நீ யாருன்னு தெரிஞ்சுக்கிடட்டும்” என்றார். சூடான மூச்சு உள்ளங்கையில் பட்டது. எட்டாவது படித்தேனா, ஒன்பதாவதா என்பது நினைவில்லை. அந்தச் சூடு நினைவிருக்கிறது.

கல்லூரி முடித்ததும் சென்னையில் ஒரு பெரிய டிரெயினரின் லாயத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். என்னை முதலில் கணக்கெழுத வந்தவள் என்று நினைத்தார்கள். பிறகு குதிரை டாக்டரின் உதவியாள் என்று நினைத்தார்கள். சாணி அள்ளத் தொடங்கிய பிறகுதான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவர்களுக்குப் புரிந்தது. குதிரையைக் கவனிக்கிற ஆட்களை அங்கே சைஸ் என்பார்கள். “இந்த அக்கா ஒரு மாசம் தாங்காது” என்று சைஸ்கள் தங்களுக்குள் பந்தயமே கட்டியிருந்தார்களாம். நான் தாங்கியதில் யாருக்கு நஷ்டமோ தெரியாது.

விடிகாலையில் குதிரைகளை ஓடவிட்டு, ஒவ்வொன்றின் மூச்சையும் நடையையும் பார்த்து, எதற்கு இன்று ஓட்டம், எதற்கு வெறும் நடை என்று முடிவு செய்வதுதான் டிரெயினரின் வேலை. குதிரைக்கு வாய் இல்லை. நேற்று வைத்த கொள்ளில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தால் அதுதான் பேச்சு. காதைப் பின்னால் மடித்தால் அது ஒரு பேச்சு. குதிரைகள் சொல்லாததையெல்லாம் புரிந்துகொள்ளப் பழகினேன். மனிதர்களிடம் அந்தப் பழக்கம் எனக்குக் கைகொடுக்கவில்லை.

கால்நடைத் துறை

எங்கள் சபையில் குதிரைப் பந்தயம் என்றால் சூது. சாராயக் கடைக்கும் அதற்கும் நடுவில் ஒரு சுவர்கூடக் கிடையாது. போதாக்குறைக்குப் பந்தயம் நடப்பது பல நேரம் ஞாயிற்றுக்கிழமை. ஓய்வுநாளில் மகள் கோயிலுக்குப் போகாமல் குதிரையோடு நிற்கிறாள் என்று பாடகர் குழுவில் இருக்கிறவர் எப்படி வெளியே சொல்வார்?

அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். “ஹெலன் என்ன பண்ணுதா அண்ணாச்சி?” என்று கோயில் வாசலில் யார் கேட்டாலும், “கால்நடைத் துறையில இருக்கா” என்பார். குதிரையும் கால்நடைதானே என்று அவருக்கு ஒரு சமாதானம் இருந்திருக்கும். ஆனால் கேட்டவர்கள் அதை அரசாங்க வேலை என்று எடுத்துக்கொண்டார்கள். அப்பா திருத்தவில்லை. ஒருவர் தன் எருமைக்கு மடிவீக்கம் என்று அப்பாவிடம் மருந்து கேட்க, அப்பா என்னிடம் போனில் கேட்டு அவருக்குச் சொன்னார். எருமை பிழைத்தது. பொய் இன்னும் பலமாக ஊன்றிக்கொண்டது.

எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. போனில் “என்னப்பா, துறையில எல்லாரும் சௌக்கியமா?” என்று சீண்டுவேன். “போ கழுத” என்பார். கோபமாகச் சொன்னதே இல்லை.

மன ஊரு அம்மாயி

பல வருடம் உதவியாளாக இருந்து ஒருவழியாக டிரெயினர் லைசென்ஸ் வாங்கினேன். லைசென்ஸ் வந்துவிட்டது, குதிரை வரவில்லை. புதிதாக வந்தவளை, அதுவும் ஒரு பெண்ணை நம்பிக் குதிரை கொடுக்க யாரும் தயாராக இல்லை.

கொடுத்தவர் ராஜபாளையத்துக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒரு மில் முதலாளி. ஊர் வழக்கப்படி எல்லோரும் அவரை ராஜா என்றே கூப்பிடுவார்கள். பரம்பரையாக நாய் வளர்க்கிற குடும்பம். என் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று கேட்டதும், “மன ஊரு அம்மாயி!” என்று கூவினார். நம்ம ஊர்ப் பெண்ணாம். இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைச் சென்னையில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அவர் வாங்கிவைத்திருந்த குட்டிக்குப் பந்தயப் புத்தகத்தில் நீளமான ஆங்கிலப் பெயர். நான் செவலை என்று கூப்பிட்டேன். “நெஞ்சுக்கூடு பாத்தியாம்மா? எங்க வீட்டு வேட்டை நாய்க்கு இருக்கிற மாதிரியே ஆழம். அதான் வாங்கிட்டேன்” என்றார் ராஜா. நாய் பார்க்கிற கண்ணால் குதிரை வாங்கியவர் அநேகமாக அவர் ஒருவர்தான்.

செவலை கோபக்காரி. யார் வந்தாலும் பல்லைக் காட்டுவாள். மாதக்கணக்கில் அவளோடு மல்லுக்கட்டினேன். ஓட்டத்தை முதலிலேயே கொட்டித் தீர்த்துவிட்டுக் கடைசியில் துவண்டுபோவாள். பொறுத்து ஓடச் சொல்லிக் கொடுக்க எனக்கும் பொறுமை வேண்டியிருந்தது. அந்தப் பந்தயத்தில் அவள் கடைசி வளைவு வரை பின்னாலேயே வந்தாள். நேர்ப்பாதையில் காதுகளை முன்னே நிமிர்த்தினாள். கழுத்தளவு வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

முதலில் அம்மாவுக்குத்தான் போன் செய்தேன். பேச வரவில்லை, அழுகைதான் வந்தது. “ஏட்டி, கீழ விழுந்துட்டியா?” என்று அம்மா பதறினார். ஜெயித்துவிட்டோம் என்று சொன்னதும், “ஆண்டவரே, ஸ்தோத்திரம்” என்றார். அதை ஒரு வாய்வார்த்தை என்று நினைத்துவிட்டேன்.

திரும்பி வந்த கவர்

அடுத்த ஞாயிறு எனக்குப் பந்தயம் இல்லை. ஊருக்கு வந்தேன். கோயிலில் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். பெண்கள் என்னை விட்டு விலகிப் போனார்கள். ஆண்கள் அப்பாவை விட்டு விலகிப் போனார்கள். எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்து காப்பி குடிக்கிற சபைக் கமிட்டி ஆள் ஒருவர், செருப்பைத் தேடுகிறவர்போல என் பக்கத்தில் குனிந்து, “அடுத்த வாரம் எந்தக் குதிரை ஜெயிக்கும்னு தெரியுமா பாப்பா?” என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“ஒனக்குக் கூறு இருக்கா? குதிரைப் பந்தயம்னு கவர் மேல எழுதிக் குடுப்பியா?”

“எம் புள்ள ஜெயிச்சிருக்கா. ஆண்டவருக்கு நன்றி சொல்லாம வேற யாருக்குச் சொல்ல?”

“சொல்லு. யாரு வேண்டாம்னா? குடும்ப நன்மைக்காகன்னு எழுதித் தொலைக்க வேண்டியதுதான?”

அம்மா சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார். “நீங்க ஊருக்குச் சொல்லுதது ஒங்களோட. ஆண்டவருகிட்டயும் போயி கால்நடைத் துறைன்னு எழுதச் சொல்லுதியளா?”

 அன்று மதியம் அப்பா சாப்பிடவில்லை.

சாயங்காலம் ஐயர் வந்தார். நல்ல மனிதர். உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். “வாசிக்கும்போது கவனிக்கல அண்ணாச்சி. தப்பு எம்மேலதான்” என்றார். பிறகு தயங்கித் தயங்கிக் கவரை வெளியே எடுத்தார். சூதாட்டச் சம்பந்தமுள்ள காணிக்கையைச் சபை வாங்குவது சரியில்லை என்று கமிட்டியில் சிலர் சொன்னார்களாம்.

அம்மா கவரை வாங்கிக்கொண்டார். “இது குதிரைக் காசு இல்ல ஐயரே. நான் துணி தச்ச காசு” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஐயர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

போகிறபோது வாசலில் நின்று, “அடுத்த வாரம் பாட்டுப் பழக வந்திருங்க அண்ணாச்சி” என்றார்.

“பாட்டு வரல ஐயரே” என்றார் அப்பா.

பின் பெஞ்சு

சென்னைக்குத் திரும்பினேன். செவலை மறுபடி ஜெயித்தாள். வேறு இரண்டு முதலாளிகள் தங்கள் குதிரைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒவ்வொரு முறையும் அம்மாவுக்குப் போன் செய்தேன். ஒவ்வொரு முறையும் கடைசியில் அதே கேள்வியைக் கேட்டேன்.

“அப்பா பாட்டுக்குப் போறாகளா?”

“இல்லட்டி. பின் பெஞ்சுல உக்காந்துட்டு வாராக.”

கிறிஸ்துமஸ் வந்தது. பாட்டு ஆராதனையன்று கோயில் நிரம்பி வழிந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அந்த ஆராதனையில் அப்பாவின் குரல் தரையிலிருந்து எழும்பி வரும்; பெஞ்சுப் பலகை அதிர்வது உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியும். அன்று அவர் கதவோரம், கடைசி பெஞ்சில், புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடுகூட அசையவில்லை. நான் இருந்த இடத்திலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

நான் குதிரையை விட்டால் அவர் பாடுவார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையிலேயே முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னால் வேண்டாம் என்று சொல்லக்கூடும், அது அவருக்கு இன்னும் பாரமாகும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

ராஜாவிடம் சொன்னபோது அவர் சண்டை போடவில்லை. “எங்க நாய் எல்லாம் பழக்கினவன் போயிட்டா சோறு திங்காதும்மா. குதிரை எப்படி?” என்று கேட்டார்.

“தின்னும் சார்” என்றேன்.

செவலையின் நெற்றியில் கையை வைத்தேன். வழக்கம்போலப் பல்லைக் காட்டினாள். அது எனக்குக் கொஞ்சம் உதவியாக இருந்தது.

தீவன மூட்டை

ஊருக்கு வந்து, ராஜபாளையத்தில் ஒரு மாட்டுத் தீவன வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். வ. புதுப்பட்டி, தளவாய்புரம் என்று ஸ்கூட்டரில் சுற்றுவேன். பால்காரர்களின் தொழுவத்தில் நின்று எந்தப் பசுவுக்கு எவ்வளவு வைக்க வேண்டும் என்று சொல்வேன். “கால்நடை மேடம் வந்திருக்காவ” என்று கூப்பிடுவார்கள். அப்பா சொன்ன பொய்யை வந்து உண்மையாக்கிக் கொடுத்துவிட்டேன்.

அப்பா பாடவில்லை.

அடுத்த கிறிஸ்துமஸிலும் பாடவில்லை. நான் அவரோடு பின் பெஞ்சு வரை போய், அவர் கையில் புத்தகத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்து காத்திருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் காத்திருந்தேன். பாடகர் குழுவில் ஒரு பாலிடெக்னிக் பையன் அடிக்குரலுக்கு வந்தான். பிறகு அவனுக்கும் கல்யாணமாகி, அவன் பிள்ளையும் பாட வந்துவிட்டது.

கோபம் வராமல் இல்லை. குதிரையைத் தவிர எனக்கு வேறெதிலும் ஆசை இருந்ததில்லை. அதையே கொண்டுவந்து இவர் காலடியில் வைத்தேனே, ஒரு அடி பாடினால் என்ன என்று மனசுக்குள் பொருமினேன். அவரிடம் காட்டியதில்லை. எங்கள் வீட்டில் காப்பி வேண்டுமா, பஸ் வந்ததா என்பதற்கு மேல் கேட்கிற வழக்கம் இல்லாமல் போயிருந்தது.

பேப்பரில் விட்ட செய்தி

கடைசிக் காலத்தில் அப்பாவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். கொஞ்ச நாள் படிக்கக் கூடாது என்று கறுப்புக் கண்ணாடியைப் போட்டு அனுப்பினார்கள். காலையில் நான் பேப்பர் வாசிப்பேன், அவர் கேட்பார். ஒரு நாள் விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட்டை முடித்துவிட்டுத் தாளைத் திருப்பினேன்.

“கீழ குதிரை ரிசல்ட் இருக்கும்லா? வாசி” என்றார்.

“அது எதுக்குப்பா இப்ப?”

“நீ அத மட்டும் விட்டுட்டு விட்டுட்டுப் போற. எனக்குத் தெரியும்.” கறுப்புக் கண்ணாடி என் பக்கம் திரும்பியது. “பாப்பா, அந்த வேலை ஒனக்கு ஏன் பிடிக்காமப் போச்சு?”

“பிடிக்காமப் போச்சுன்னு யாருப்பா சொன்னா?”

“யாரும் சொல்லல. நல்லா ஜெயிச்சுக்கிட்டு இருந்தவ பெட்டியத் தூக்கிட்டு வந்து நின்னா, வேற என்னன்னு நெனைக்க?”

 “நீங்க பாடணும்னுதாம்ப்பா வந்தேன். என்னாலதான பாட்ட விட்டீக.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றக் கூடாது, நான் வாங்கி மாட்டிவிட்டேன். மறுபடி கழற்றி என் பக்கத்தில் வைத்தார்.

“ஒன்னாலயா? ஏட்டி, நீ குதிரை பழக்குனதுல எனக்கு என்ன வெக்கம்? அன்னைக்குக் கோயில்ல எம்பொய் வெளிய வந்ததும் வாய் அடைச்சுப் போச்சு. பொறவு வீட்டுல ஒங்கம்மா கேட்டா பாரு, ஆண்டவருகிட்டயும் பொய் எழுதவான்னு. எம்புட்டு வருசம் கோயில் வாசல்லயே நின்னு கால்நடைத் துறை, கால்நடைத் துறைன்னு சொன்னேன்? அந்த வாய வச்சுக்கிட்டு எப்படிப் பாட? அது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ளது. நீ இதுக்குள்ள எங்க வந்த?”

நான் பேப்பரை மடித்தேன். மறுபடி விரித்தேன்.

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? மறு பஸ்ஸுல ஏத்தி வெரட்டி விட்டிருப்பேனே.”

கேட்டிருக்கலாம். அவரும் என்னைக் கேட்டிருக்கலாம். எதிரெதிரே உட்கார்ந்து எத்தனையோ காலை காப்பி குடித்திருக்கிறோம்.

அப்பா கைகளை மடியில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தார். அந்தக் கண்ணுக்கு இன்னும் எதுவும் தெளிவாகத் தெரிந்திருக்காது.

“நீ பெட்டியோட வந்து எறங்குனல்லா, அந்த ஞாயித்துக்கிழம நான் காணிக்கை போட்டேன். பேரு எழுதல. காரணமும் எழுதல. எம்மக அந்தத் தொழில் போதும்னு மனசார விட்டுட்டு வீடு வந்து சேந்துட்டா, இனிமே தனியாக் கெடந்து கஷ்டப்பட மாட்டான்னு எனக்கு அம்புட்டுச் சந்தோசம்.” குரல் உடைந்தது. கோயில் பெஞ்சை அதிர வைத்த குரல். “அப்ப நான் எதுக்குப் பாப்பா நன்றி சொன்னேன்?”

“தெரியலப்பா” என்றேன்.

அவர் கையை நீட்டினார். நான் கண்ணாடியைக் கொடுத்தேன். அதை வாங்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டார். நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.